வாழைக்காயும் தேங்காய்த் துருவலும் ஒரே கன்டெய்னரில் போகுமா?

கேள்வி: ஐயா, நான் சின்னமனூர் பக்கம் பன்னிரண்டு ஏக்கரில் ஜி-9 (கிராண்ட் நைன்) வாழை போட்டிருக்கிறேன். இதுவரை தோட்டத்திலேயே வியாபாரிக்குத் தாரை எடை போட்டுக் கொடுத்துவிடுவேன். என் மைத்துனர் துபாயில் இருக்கிறார். அங்கே அல் அவீர் சந்தையில் ஒரு மொத்த வியாபாரியைப் பேசி வைத்திருக்கிறார். தூத்துக்குடியிலிருந்து துபாயின் ஜெபல் அலித் துறைமுகத்துக்கு நாற்பதடி ரீஃபர் (குளிர்சாதன) கன்டெய்னர் ஒன்று அனுப்பிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். மூன்று சந்தேகங்கள். 10 டிகிரியில் வைத்தால் காய் பழுக்காமல் வந்து சேரும் என்று அந்த வியாபாரி சொல்கிறார், சரியா? என் மனைவி வீட்டில் தேங்காய்த் துருவலும் முருங்கைக்காய்த் துண்டும் ஃப்ரீசரில் போட்டுப் பாக்கெட் செய்கிறார்கள். அதையும் கதவுப் பக்கம் ஓரமாக வைத்து இதே கன்டெய்னரில் அனுப்பலாமா? சரக்கு வந்து பார்த்த பிறகுதான் விலையும் பணமும் என்கிறார்கள், நம்பி அனுப்பலாமா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அனுப்ப முடியாது. ஓரமாக வைத்தாலும் முடியாது, தெர்மாகோல் பெட்டியில் போட்டு டேப் சுற்றினாலும் முடியாது. ஒரு ரீஃபர் பெட்டிக்கு ஒரே வெப்பநிலைதான் வைக்கலாம். வாழைக்காய்க்கு அது ப்ளஸ் 13.5 டிகிரி, உறைந்த துருவலுக்கு மைனஸ் 18. இரண்டுக்கும் நடுவே 30 டிகிரிக்கு மேல் இடைவெளி இருக்கிறது. வாழைக்காகப் பெட்டியை வைத்தால் துருவல் உருகி ஒழுகும், ஒழுகினது அடியிலிருக்கும் அட்டைப்பெட்டிகளை ஊற வைக்கும், ஊறின அட்டை மேலே இருக்கிற சுமையைத் தாங்காமல் சரியும். துருவலுக்காக வைத்தால் வாழைக்காய் கல்லாகிவிடும். பழத்தையும் உறைந்த பொருளையும் கலந்து வைத்திருந்தால் அந்தப் பக்கத்து உணவு ஆய்வாளரும் சும்மா விடமாட்டார்.

வெப்பநிலை மட்டுமல்ல, காற்றோட்டமும் இரண்டுக்கும் வேறு. ரீஃபரின் இயந்திரம் கதவுக்கு எதிர்முனையில் இருக்கிறது. அங்கிருந்து குளிர்காற்று கீழே இறங்கி, டி வடிவ அலுமினியக் கம்பிகள் போட்ட தரைக்குள் ஓடி, கதவு வரை போய், சரக்கினூடே மேலேறி, கூரையை ஒட்டித் திரும்புகிறது. வாழைக்காய் உயிருள்ள சரக்கு. பெட்டிக்குள்ளேயும் அது மூச்சு விடுகிறது; வெப்பத்தையும் கரியமில வாயுவையும், காயைப் பழுக்க வைக்கிற எத்திலீன் வாயுவையும் வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. அதனால் காற்று ஒவ்வொரு அட்டைப்பெட்டிக்குள்ளும் புகுந்து அந்த வெப்பத்தை எடுத்துப் போக வேண்டும். வெண்ட் என்கிற காற்றுத் திறப்பு திறந்திருந்து வெளிக்காற்றும் கொஞ்சம் வர வேண்டும். உறைந்த சரக்கு அப்படியில்லை. அது தானாக வெப்பம் எதையும் உண்டாக்காது. சுவர் வழியாக வருகிற வெப்பத்தைத் தடுக்க, காற்று அதைச் சுற்றி ஓடினால் போதும். பெட்டிகளை இடைவெளியில்லாமல் ஒரே கட்டியாக அடுக்கி, வெண்ட்டை இறுக மூடி அனுப்புவார்கள்.

காற்று ஓடாவிட்டால் என்ன ஆகும் என்பது இந்தத் தொழில் தொடங்கின நாளிலேயே தெரிந்த விஷயம். 1882 பிப்ரவரியில் நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸிலிருந்து டுனெடின் என்ற பாய்மரக் கப்பல், நீராவி இயந்திரத்தால் உறைய வைத்த ஆட்டிறைச்சியை ஏற்றிக்கொண்டு லண்டனுக்குப் புறப்பட்டது. வெப்பமண்டலக் கடலுக்கு வந்ததும் குளிர்காற்று சரக்கறை முழுக்கப் பரவவில்லை. கப்பல் தலைவர் விட்சன் காற்றுக் குழாய்க்குள் ஊர்ந்து போய்ப் புதிதாகத் துளைகள் வெட்டினார். அங்கேயே விறைத்துப் போனவரைக் காலில் கயிறு கட்டி இழுத்துத்தான் வெளியே எடுத்தார்கள். 98 நாள் கழித்து லண்டன் சேர்ந்தபோது, ஐயாயிரத்துக்குச் சற்றே குறைவான உருப்படிகளில் கழிக்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான். இன்றைக்கு யாரும் குழாய்க்குள் போக வேண்டியதில்லை. ஆனால் அட்டைப்பெட்டியின் மேல்துளையும் கீழ்துளையும் நேராக வரும்படி அடுக்கச் சொல்லி, அடுக்கும்போது பக்கத்திலேயே நிற்கத்தான் வேண்டும்.

அடுத்தது 10 டிகிரி. அந்த வியாபாரி சொல்வது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது: குளிர் கூடினால் பழுப்பது தள்ளிப்போகும். ஆப்பிளுக்கும் பேரிக்காய்க்கும் அது சரி. வாழை வெயில்நாட்டுப் பயிர். 13 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தோலுக்குக் குளிரடி படும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குளிரடி பட்ட காய் பச்சையாக இருக்கும் வரை வெளியே பெரிதாக ஒன்றும் காட்டாது. ஜெபல் அலியில் கதவைத் திறக்கும்போது பளிச்சென்று பச்சையாக இருக்கும், எல்லோரும் கை குலுக்கிக் கொள்வார்கள். பழுக்க வைக்கும் அறைக்குள் போய் எத்திலீன் ஏற்றினதும்தான் நிறம் ஏறாமல் சாம்பல் பூத்த மஞ்சளாக நிற்கும். அதற்குள் நாலைந்து நாள் ஓடியிருக்கும். “உன் சரக்குதான் கோளாறு” என்று போன் வரும். 10 டிகிரி வைக்கச் சொன்னது யார் என்று அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

பச்சைக்காயிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. காயின் மேல்தோலை நகத்தாலோ கத்தி முனையாலோ மெல்லச் சீவிப் பாருங்கள். நல்ல காயில் அடியில் வெளிர் பச்சையும் பாலும்தான் தெரியும். குளிரடி பட்ட காயில் தோலுக்கடியில் நீளவாக்கில் பழுப்பு நூல் ஓடினது போலக் கோடுகள் தெரியும். கதவைத் திறந்தவுடன் உங்கள் மைத்துனரை இதைச் செய்யச் சொல்லுங்கள். பெட்டியின் தரையை ஒட்டிய வரிசையில் ஒன்று, நடுவில் ஒன்று, கதவுப் பக்கத்து மேல் வரிசையில் ஒன்று எடுத்துச் சீவி, கன்டெய்னர் எண் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து வைக்கட்டும். அடிவரிசையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மிகக் குளிர்ந்த காற்று முதலில் தொடுவது அதைத்தான்.

ஆக 13.5. சிலர் 13.3 என்பார்கள், சிலர் 14. இதற்குள் எதுவானாலும் சரி, ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். வியாபாரி 10-தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், அதை அவர் பெயரில் ஒரு மெயிலாக அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் அனுப்பமாட்டார்.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் பதிலில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். ரீஃபர் என்றதும் அதை ஒரு பெரிய ஃப்ரிட்ஜ் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். சூடாக எதை வைத்தாலும் குளிர்த்துத் தந்துவிடும் என்று நம்புகிறார்கள். அந்த இயந்திரம் ஏற்கெனவே இருக்கிற குளிரைக் காப்பதற்காகச் செய்தது. வீட்டில் ஹாட்பாக்ஸ் சோற்றை வடித்துத் தருவதில்லையே, அது மாதிரி. தேனி வெயிலில் 32 டிகிரி சூட்டோடு இருபது டன் காயை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால், திரையில் 13.5 என்று காட்டும். அது இயந்திரத்திலிருந்து வருகிற காற்றின் வெப்பநிலை. நடுவில் இருக்கிற காயின் சதை 13.5-க்கு வர நாள்கணக்கில் ஆகும். அந்த நாட்களில் எங்கோ நாலு காய் மஞ்சளாகும், அது விடுகிற எத்திலீன் பக்கத்துக் காயைத் தட்டி எழுப்பும். கன்டெய்னர் போய்ச் சேரும்போது கதவைத் திறந்தாலே பழ வாசனை அடிக்கும். பச்சையாக வாங்கிப் பழுக்க வைக்கிற வியாபாரிக்கு அந்த வாசனை என்றால் பாதி விலைதான்.

எனவே கன்டெய்னர் வருவதற்கு முன்னால் நடப்பவைதான் உங்கள் லாப நஷ்டத்தை முடிவு செய்கின்றன. நாற்பதடி நீளமும் கூடுதல் உயரமும் உள்ள கன்டெய்னரில் வழக்கமாக 1,540 அட்டைப்பெட்டி போகும், பெட்டிக்குப் பதின்மூன்று கிலோவுக்குச் சற்று மேலே. மொத்தம் இருபது டன் காய். தாரின் கடைசிச் சீப்பு, ரெட்டைக்காய், இலை உரசித் தழும்பு விழுந்தது, மெலிந்தது எல்லாம் கழித்துத்தான் இருபது டன் கிடைக்க வேண்டும். அப்படியானால் இருபத்தைந்து டன்னுக்கு மேல் வெட்ட வேண்டும், அதுவும் ஒன்றிரண்டு நாளுக்குள், எல்லாம் ஒரே பருவத்தில். உங்கள் பன்னிரண்டு ஏக்கரும் ஒரே நேரத்தில் நட்டதாக இருந்தாலும் தார் ஒரே வாரத்தில் தள்ளாது. பூ தள்ளும் வாரத்துக்கு ஒரு நிறம் என்று நாடா கட்டி வருகிறீர்களா? ஏற்றுமதித் தோட்டங்களில் அப்படிச் செய்வார்கள். இந்த வாரம் சிவப்பு, அடுத்த வாரம் நீலம். வெட்டும்போது வயதை யோசித்து நிற்க வேண்டியதில்லை, நாடாவைப் பார்த்து வெட்டலாம். கட்டவில்லை என்றால் முதிர்ந்ததும் இளசும் கலந்து பெட்டிக்குள் போகும். கடலில் முதலில் பழுத்து மற்றதைக் கெடுப்பது அந்த முதிர்ந்த தார்தான். உள்ளூர் வியாபாரிக்கு நன்றாகத் திரண்ட காய் பிடிக்கும், எடை நிற்கும். கப்பலுக்கு முக்கால்வாசி விளைந்த பருவத்தில் வெட்டுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் கை பழகவே ஒரு பருவம் ஆகும்.

வெட்டின தாரைத் தலையில் சுமந்து, மண்ணில் போட்டு, சருகின் மேல் அடுக்குகிற பழக்கத்தோடு ஏற்றுமதி நடக்காது. இன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு அடியும் பழுக்கும்போது கறுப்புப் புள்ளியாக வெளிவரும். பேக் ஹவுஸில், அதாவது காயைக் கழுவிப் பெட்டியில் அடைக்கிற கூடத்தில், சீப்பு பிரித்ததும் வெட்டுவாயிலிருந்து பால் வடியும். அதைப் படிகாரம் கரைத்த தண்ணீரில் கழுவி நிறுத்தாவிட்டால் தோலில் கறையாகப் படியும். வெட்டின இடத்தில் பூஞ்சை பிடித்துக் கறுக்காமலிருக்க மருந்தும் தடவ வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை வாங்குகிற நாட்டின் எச்ச வரம்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கடைக்காரர் கொடுத்ததைத் தெளிக்காதீர்கள். பிறகு எடை போட்டு, பாலிதீன் உறையில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடைத்து, குளிர் அறையில் வைத்துச் சதை வெப்பநிலையை 13.5 பக்கம் கொண்டுவந்த பிறகுதான் கன்டெய்னர். இதற்கு ஊசி முனை உள்ள தெர்மாமீட்டர் ஒன்று வேண்டும். விலை அதிகமில்லை. காயின் நடுவில் குத்திப் பார்த்து எண்ணை எழுதி வையுங்கள், குத்தின காயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஸ்டஃபிங் நேரத்தில், அதாவது கன்டெய்னரில் சரக்கு ஏற்றும்போது, மூன்று விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கதவு திறந்திருக்கும்போது ரீஃபர் இயந்திரம் ஓடக் கூடாது. ஓடினால் வெளியிலிருக்கும் ஈரக்காற்றை இழுத்து உள்ளே தண்ணீராகக் கொட்டும், அட்டை நனையும். காலிப் பெட்டியை முன்கூட்டியே குளிர வைத்துவிட்டு வெயிலில் திறந்து ஏற்றினாலும் இதே கதைதான். குளிர் அறைக் கதவோடு கன்டெய்னர் கதவு ஒட்டி நிற்கிற வசதி இருந்தால் மட்டும் அப்படிச் செய்யலாம். அடுத்து, உள்சுவரில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதற்கு மேல் ஒரு பெட்டிகூட ஏறக் கூடாது, காற்று திரும்பும் வழி அது. “ஒரு வரிசைதானே அண்ணாச்சி” என்று லோடுமேன் கேட்பார். கொடுக்காதீர்கள். மூன்றாவது, கதவுப் பக்கம் தரை வெறுமையாக இருந்தால் அட்டை போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் குளிர்காற்று சரக்குக்குள் போகாமல் அந்த இடைவெளி வழியாகவே மேலேறித் திரும்பிவிடும்.

புக்கிங் தாளுக்கு வருவோம். உங்கள் ஃபார்வர்டருக்கு (கப்பலில் இடம் பிடித்துத் தருகிற ஏஜென்டுக்கு) போகிற மெயிலில் வெப்பநிலையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள்: “ப்ளஸ் 13.5 டிகிரி செல்சியஸ்”. நான் பெரிதுபடுத்துவதாக நினைக்க வேண்டாம். உறைந்த இறால் ஏற்றின ஒரு பெட்டிக்கு மைனஸ் குறி விட்டுப்போய் வெறும் 18 என்று தாளில் வந்து, யார்டில் பிளக் மாட்டுகிற எலக்ட்ரீஷியன் “இறாலுக்கு 18-ஆ?” என்று சத்தம் போட்டதால் தப்பித்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் அன்றைக்கு லீவில் இருந்திருந்தால் அந்தப் பெட்டி சரியான எண் என்று நம்பப்பட்ட தவறான எண்ணோடு கப்பல் ஏறியிருக்கும். அமெரிக்கா போகிற சரக்கில் ஃபாரன்ஹீட் குழப்பமும் உண்டு. 14 ஃபாரன்ஹீட் என்பது மைனஸ் 10 செல்சியஸ். வெண்ட்டையும் “பாதி திறப்பு” என்று எழுதாதீர்கள். மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று எழுதுங்கள். எவ்வளவு என்பது உறையின் வகையைப் பொறுத்தது, லைனின் (கப்பல் கம்பெனியின்) ரீஃபர் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். பெட்டியைப் பயணத்துக்கு முன் சோதித்த தாளைக் கேட்டு வாங்குங்கள், பி.டி.ஐ. என்பார்கள். பெட்டி தோட்டத்துக்கு வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்று பாருங்கள். எங்காவது வெளிச்சம் தெரிந்தாலோ, முன்பு ஏற்றின மீனின் வாடை அடித்தாலோ திருப்பி அனுப்புங்கள். வாழை வாடையைப் பிடித்துக்கொள்ளும்.

சின்னமனூரிலிருந்து தூத்துக்குடி வரை லாரியில் ஜென்செட், அதாவது ரீஃபருக்கு மின்சாரம் தருகிற டீசல் ஜெனரேட்டர், ஓட வேண்டும். வாடகை பேசும்போதே ஜென்செட் டீசல் யார் கணக்கு என்று பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் டிரைவர் பாதி ராத்திரியில் அணைத்துவிட்டு விடியற்காலையில் போடுவார். பிடிக்க ஒரு வழி, டேட்டா லாகர். கையடக்கமான கருவி, சில மணிநேரத்தில் நடந்ததையும் பதிந்து வைக்கும். ஒன்றைக் கதவுப் பக்கப் பெட்டியிலும் ஒன்றை நடுப்பெட்டியிலும் போட்டு, எந்தப் பெட்டி என்று பேக்கிங் லிஸ்டில் எழுதிவிடுங்கள். கன்டெய்னர் இயந்திரமும் தன் கணக்கைப் பதிந்து வைக்கும், ஆனால் அது லைனின் கையில் இருக்கிறது. வழக்கு வந்தால் உங்கள் கையிலும் ஒரு கணக்கு வேண்டும்.

தூத்துக்குடிப் பெட்டிகளில் நிறைய கொழும்பில் இறங்கிக் கப்பல் மாறிப் போகின்றன. அதனால் “எத்தனை நாளில் போகும்?” என்று மட்டும் கேட்காதீர்கள். கொழும்பில் எத்தனை நாள் நிற்கும், இணைப்புக் கப்பல் தவறினால் அடுத்தது எப்போது என்றும் கேளுங்கள். வாரம் ஒரு கப்பல் என்றால், ஒன்று தவறினால் ஏழு நாள். வளைகுடாவுக்கு அந்த ஏழு நாளை நன்றாகக் குளிர்வித்த காய் தாங்கும், அரைகுறையாகக் குளிர்வித்தது தாங்காது. ஐரோப்பா எண்ணம் இருந்தால் அதை இப்போதைக்கு ஒத்தி வையுங்கள். 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் மேல் தாக்குதல் தொடங்கின பிறகு பல லைன்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. பயணத்தில் பத்து நாளும் அதற்கு மேலும் கூடின. அவ்வளவு தூரத்துக்கு ஆக்சிஜனைக் குறைத்துக் காயைத் தூங்க வைக்கிற சி.ஏ. வகைப் பெட்டிகள் வேண்டியிருக்கும். முதல் பாடத்தை அதில் படிக்க வேண்டாம்.

தாள்கள் விஷயம் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஐ.இ.சி. என்கிற ஏற்றுமதி-இறக்குமதியாளர் எண், அபெடா என்கிற வேளாண் ஏற்றுமதி ஆணையத்தின் பதிவு, தாவரத் தொற்றுத்தடுப்பு அலுவலகம் தருகிற பைட்டோ சான்று, மூலச் சான்று, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட். இவ்வளவையும் ஒரு நல்ல கஸ்டம்ஸ் ஏஜென்ட் முடித்துத் தருவார். 2016 ஜூலையிலிருந்து கன்டெய்னரின் சரிபார்த்த எடையைக் கொடுக்காமல் கப்பலில் ஏற்றமாட்டார்கள், அதையும் அவரே பார்த்துக்கொள்வார். மரப் பேலட் வைத்தால் சூடேற்றி முத்திரை குத்தினதாக இருக்கட்டும். பைட்டோவில் இருக்கிற பெட்டி எண்ணிக்கையும் இன்வாய்ஸில் இருக்கிறதும் ஒன்றாக இருக்கிறதா என்பதை மட்டும் நீங்களே ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள். ஜெபல் அலியில் பெட்டி நிற்பதற்கு இதைவிட அற்பமான காரணம் வேறில்லை, நிற்கிற ஒவ்வொரு நாளும் பிளக் வாடகையும் டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணமும் ஓடும்.

இப்போது பணம். “வந்து பார்த்த பிறகு விலை” என்பது புதிதில்லை. காய்கறிச் சந்தைகளில் உலகம் முழுக்க உண்டு, கமிஷன் விற்பனை. அந்த வியாபாரி மோசக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: காய் உங்களுடையது, அட்டைப்பெட்டி உங்களுடையது, கப்பல் கூலி உங்களுடையது, தாமதமானால் இழப்பும் உங்களுடையது. அவர் போடுவது ஒரு பழுக்க வைக்கும் அறை மட்டும். அதே வாரத்தில் பிலிப்பைன்ஸ் காயும் ஈக்வடார் காயும் அங்கே குவிந்திருந்தால் உங்களுக்கு என்ன விலை வந்தது என்று சொல்ல அவரைத் தவிர வேறு யாரும் கிடையாது. முதல் கன்டெய்னரை இந்த முறையில் அனுப்பாதீர்கள்.

எஃப்.ஓ.பி. விலை பேசுங்கள், அதாவது கப்பலில் ஏற்றும் வரைதான் உங்கள் செலவு. கடல் கூலி அவர் கணக்கு. பாதிப் பணமாவது கப்பல் ஏறுவதற்கு முன் வரட்டும், மீதி, சரக்கை ஏற்றியதற்கு லைன் தருகிற பில் ஆஃப் லேடிங்கின் நகல் காட்டியதும் வரட்டும். அசல் பில்லை வங்கி வழியாக அனுப்பினால் பணம் கட்டாமல் அவர் சரக்கை எடுக்க முடியாது. ஆனால் அழுகும் சரக்கில் இதற்கும் ஓர் எல்லை உண்டு. அவர் எடுக்கவில்லை என்றால் காய் காத்திருக்காது, வேறு ஆள் தேடவும் நேரம் இருக்காது. இது அவருக்கும் தெரியும். அதனால்தான் முன்பணத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஈ.சி.ஜி.சி. என்கிற மத்திய அரசு நிறுவனம் வாங்குபவர் பணம் தராமல் போகிற ஆபத்துக்குக் காப்பீடு தருகிறது. அதற்காக விண்ணப்பிக்கும்போதே அந்த வியாபாரியின் தரமும் ஓரளவு தெரிந்துவிடும்.

சரக்குக் காப்பீட்டில் எல்லோரும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. “எல்லா ஆபத்தும் அடங்கும்” என்ற பாலிசியிலும் தாமதத்தால் வந்த நஷ்டம் அடங்காது, பொருளின் இயல்பால் கெட்டதும் அடங்காது. குளிர்சாதனம் நின்றதற்குக் கிடைக்கும், ஆனால் பல பாலிசிகளில் தொடர்ந்து 24 மணிநேரம் நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். ஜென்செட்டை ஆறு மணிநேரம் அணைத்த டிரைவரால் வந்த கேட்டுக்கு அதில் இடமில்லை. பாலிசித் தாளை வாங்கி அந்த வரியைத் தேடிப் படியுங்கள். சரக்கு கெட்டிருந்தால் லைனுக்கு எழுத்தில் அறிவிப்பு உடனே போக வேண்டும். வெளியே தெரியாத சேதத்துக்கு 3 நாள்தான் கெடு. வழக்குப் போட ஓராண்டு. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டு, போனில் பேசிவிட்டு இருந்தால் போதாது.

துருவலுக்குத் திரும்ப வருகிறேன், உங்கள் மனைவி காத்திருப்பார்கள். அந்தப் பொருளுக்கு வெளியே நல்ல கிராக்கி இருக்கிறது. துருவல், முருங்கைத் துண்டு, பரோட்டா எல்லாம் வளைகுடாவில் நம் ஆட்கள் ஃப்ரீசர் வரிசையில் தேடி வாங்குவதுதான். ஆனால் வீட்டு ஃப்ரீசரில் உறைய வைத்தது கடல் தாண்டாது. அதில் பொருள் மெதுவாக உறையும், பனிக்கட்டிகள் பெரிதாக வளர்ந்து திசுவைக் கிழிக்கும். உருகும்போது துருவல் தண்ணீர் விட்டுச் சக்கையாகும், முருங்கை நாராகும். பிளாஸ்ட் ஃப்ரீசரில் வேகமாக உறைய வைத்து, பொருளின் மையமே மைனஸ் 18 ஆன பிறகுதான் கன்டெய்னரில் ஏற்ற வேண்டும். இடையில் ஒருமுறை உருகி மறுபடி உறைந்த பாக்கெட்டைக் கையில் எடுத்தாலே தெரியும். துருவல் உதிராமல் ஒரே பாளமாக இருக்கும், உறைக்குள் வெள்ளையாகப் பனி படிந்திருக்கும். அந்தப் பாக்கெட்டை ஒரு கடைக்காரர் பார்த்துவிட்டால் அடுத்த ஆர்டர் வராது.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம், ஆய்வகச் சோதனை, அரபியில் லேபிள், உற்பத்தித் தேதி, காலாவதித் தேதி இவ்வளவும் வேண்டும். லேபிளை அச்சடிக்கும் முன் வாங்குபவரிடம் அனுப்பி அங்கே ஒப்புதல் வாங்கச் சொல்லுங்கள். அச்சடித்த பிறகு திருத்துவது செலவு. அளவு சிறியதாக இருந்தால் தனிக் கன்டெய்னர் கட்டுப்படியாகாது. உறைந்த சைவப் பொருட்களையே ஏற்றுமதி செய்கிறவர்கள் மைனஸ் 18 பெட்டி ஒன்றில் பல வகைகளைச் சேர்த்து அனுப்புகிறார்கள். அந்த ஏற்றுமதியாளர்களுக்கு, அவர்களுடைய பிராண்டிலேயே உங்கள் மனைவி தயாரித்துத் தரலாம். மீன் ஏற்றுகிற பெட்டியில் இடம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் போகாதீர்கள், வாடை ஒரு பக்கம், சான்றிதழ் சிக்கல் மறுபக்கம்.

வாழைக்கும் இதே வழியைத்தான் சொல்வேன். கம்பம் பள்ளத்தாக்கில் ஏற்கெனவே ஏற்றுமதி செய்கிற பேக் ஹவுஸ்கள் இருக்கின்றன. இந்தப் பருவம் உங்கள் தோட்டத்திலிருந்து நாடா கட்டின தார்களை அவர்களுக்குக் கொடுங்கள். கழிவு எவ்வளவு போகிறது, எதனால் போகிறது என்று ஒவ்வொரு வெட்டுக்கும் எழுதி வாங்குங்கள். மைத்துனரை அந்தப் பெட்டி அல் அவீர் போய்ச் சேரும் நாளில் சந்தைக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கழிவு ஐந்தில் ஒரு பங்குக்குள் வந்ததும் சொந்தக் கன்டெய்னருக்குக் கணக்குப் போடலாம். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வெட்டும் பருவம், கழுவும் முறை, உறை பற்றி அங்கே நேரில் போய்க் கேட்கலாம், காயை எடுத்துக்கொண்டு போங்கள். செலவுக் கணக்குப் போடும்போது அட்டைப்பெட்டி, ஜென்செட், துறைமுகத்தில் பிளக் வாடகை, இரண்டு லாகர், காப்பீடு இவற்றையும் சேர்த்து கிலோவுக்கு எவ்வளவு என்று பாருங்கள். தோட்டத்து விலையோடு அதைக் கூட்டின எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, பிறகு அந்த வியாபாரியிடம் எஃப்.ஓ.பி. பேசுங்கள்.